தூங்கும் மரபணுவும் என் மருமகளும்

மருமகளை மாமியார் புகழ்ந்தால் யாருமே நம்புவதில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஓய்வு பெறும்வரை மருத்துவமனையில் செவிலியாக வார்டு வார்டாக அலைந்தவள் நான். பெரிய டாக்டரையே "கை கழுவினீங்களா?" என்று கேட்டு முறைத்தவள். போகிற போக்கில் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிற ரகம் இல்லை. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், கேளுங்கள்.

என் மகன் அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது நான் பார்த்தது முகத்தை இல்லை, விரல்களை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்துக் கிடந்தன. மை இல்லை, கரி இல்லை. எனக்குத் தெரிந்த கறுப்பு அது.

"சில்வர் நைட்ரேட்டா?" என்றேன்.

"ஆமா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆறாத புண்ணுல நாங்க வெப்போம். ஏன், கையுறை போட மாட்டியா?"

"போடுவேன். அவசரத்துல கிழிஞ்சுடும்."

"அப்ப அவசரப்படாதே."

"சரிங்க. ஆனா தட்டுல இருக்கறது கருகிடுமே, அதுகிட்ட யார் சொல்றது?"

வந்த அன்றைக்கே எதிர்ப் பேச்சு! பக்கத்தில் நின்ற என் மகன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து முழித்தான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தது அவன் நிலைமை. எனக்கோ அவளை அப்போதே பிடித்துவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா பேருந்துப் பணிமனையில் பெயிண்டராக இருந்தவர். ஒரு பூச்சு காயும்வரை அடுத்த பூச்சைத் தொடாத பொறுமை அவளுக்கு அங்கிருந்து வந்ததாம். கோபம் எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு வீட்டாரும் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. முதுகலைப் படிப்பு முடித்த கையோடு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் குரோமோசோம் பிரிவில் சேர்ந்தவள், இன்றுவரை அதே அறையில், அதே ஜன்னலோர மேசையில்தான் இருக்கிறாள். அந்தச் சில்வர் நைட்ரேட் வேலையால் அங்கே எல்லாருக்கும் அவள் 'வெள்ளியக்கா'. மாடி வீட்டுக்காரிக்கு மட்டும் அவள் வேலை எப்போதும் இளக்காரம். "உங்க மருமக குரங்கு ரத்தத்தைத்தான் நாளெல்லாம் பாக்கறாளாமே?" என்பாள். "ஆமா, மனுஷங்க ரத்தத்தைப் பாத்துப் பாத்து நான் அலுத்துட்டேன், அவளாவது வேற பாக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன்.

அந்த வேலை என்னவென்று சொல்லாவிட்டால் நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரியாது. அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒவ்வொரு செல்லிலும் புரதம் தயாரிக்கிற குட்டி இயந்திரங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ரைபோசோம் என்று பெயர். அதைச் செய்வதற்கான மரபணுக்கள் ஒரே இடத்தில் இல்லை. சில குரோமோசோம்களின் மேல் அங்கங்கே கூட்டம் கூட்டமாகக் குந்தியிருக்கின்றன. எல்லாக் கூட்டமும் வேலை செய்வதில்லை. சிலவற்றைச் செல்லே மூடி போட்டு அமுக்கி வைத்துவிடும். மரபணு அங்கேயேதான் இருக்கும், பழுதும் ஆகியிருக்காது, ஆனால் வாயைத் திறக்காது. மனிதருக்கும் இப்படித்தான், குரங்குகளுக்கும் இப்படித்தான்.

எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் வெள்ளி. வேலை செய்த கூட்டத்தின் மேல் மட்டும் சில புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளிக் கரைசலை விட்டுச் சூடு காட்டினால் அந்த இடம் கறுத்து, பொட்டு வைத்தது போல் புள்ளி தெரியும். தூங்குகிற இடம் கறுக்காது. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள், தெரியும். ரத்தத்தில் இருக்கும் செல்களை நாள் கணக்கில் ஊட்டி வளர்த்து, அவை பிரியப்போகிற நேரம் பார்த்து மருந்து போட்டு நிறுத்தி, உப்புக் குறைந்த நீரில் உப்ப வைத்து, ஸ்லைடின் மேல் உயரத்திலிருந்து சொட்டாக விட வேண்டும். விழுகிற வேகத்தில் செல் உடைந்து குரோமோசோம்கள் தனித்தனியாகப் பரந்து படியும். விட்ட கையோடு ஸ்லைடின் மேல் 'ஹா' என்று வாயால் ஊதுவாள். அந்த ஈரக்காற்று பட்டால் இன்னும் நன்றாகப் பரவுமாம். அப்புறம் வெள்ளியை விட்டுச் சூடான தட்டில் வைத்தால் முதலில் மஞ்சள், பிறகு தேன் நிறம். அந்த நொடியில் எடுத்துக் கழுவ வேண்டும். விட்டால் எல்லாமே கறுத்துத் தொலையும். கழுவுவதும் காய்ச்சி வடித்த நீரில்தான். குழாய்த் தண்ணீர் பட்டால் வெள்ளி பொடிப் பொடியாகத் திரிந்து ஒட்டிக்கொண்டு, இல்லாத புள்ளியெல்லாம் இருக்கிற மாதிரி காட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்டையைப் பந்து போல உப்பிக்கொண்டு பாடுகிற கறுப்புக் கிப்பன் ஒன்று. வாலில்லாக் குரங்கு, ஆண், வயதானது. அதற்கு ரைபோசோம் மரபணுக்களில் ஒரு கூட்டம் ஒய் குரோமோசோமின் நுனியில் இருந்தது. ஆணுக்கு மட்டுமே இருக்கிற, இருப்பதிலேயே சின்ன குரோமோசோம் அது. ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தால் மரபணு அங்கே இருப்பது தெரிந்தது. வெள்ளி போட்டால் புள்ளி இல்லை. ஆகவே அந்தக் கூட்டம் தூங்குகிறது என்று அவளும் அவளுடைய பிரிவுத் தலைவியும் ஓர் ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார்கள். தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

கட்டுரை திரும்பி வந்தது. சரிபார்த்தவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: மரபணு தூங்குவதால் புள்ளி இல்லையா, இல்லை அவ்வளவு சின்ன குரோமோசோமில் உங்கள் வெள்ளி சரியாகப் பிடிக்காததால் புள்ளி இல்லையா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி எறிந்த சத்தத்திலேயே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"பக்கத்து குரோமோசோம்ல பளிச்சுன்னு பிடிச்சிருக்கு அத்தை. அதே ஸ்லைடு, அதே வெள்ளி. இதுல மட்டும் பிடிக்காதாம்!"

"கேக்கறதுல தப்பில்லயே," என்றேன்.

"நீங்க யார் பக்கம்?"

"நான் சாப்பாட்டு மேசை பக்கம். வந்து உக்காரு."

உட்கார்ந்ததும்தான் மீதியைச் சொன்னாள். நிலைய இயக்குநர், வெள்ளி வேலையை இனி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம் என்கிறாராம். அவளை மாதிரிகள் வாங்கி வைக்கும் கவுன்டருக்கு மாற்றுகிறாராம். சம்பளம் குறையாது, பதவியும் குறையாது. அந்த ஜன்னலோர மேசையும் நுண்ணோக்கியும் மட்டும் போய்விடும். சொல்லிவிட்டு என் மருமகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செவிலியை ஊசி மருந்தைத் தொடாதே, வாசலில் சீட்டுக் கொடு என்றால் எப்படி இருக்கும்?

மேடம்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த மூடியைக் கழற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது. செல்களைத் தட்டில் வளர்க்கும்போதே அதைச் சேர்த்தால், தூங்குகிற கூட்டம் எழுந்துகொள்ளும். அப்போது அதே சின்ன குரோமோசோமில் கறுப்புப் புள்ளி வர வேண்டும். வந்துவிட்டால் வெள்ளி பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஆனால் கிழக் கிப்பனுக்குப் பல் பிடுங்க மயக்க மருந்து கொடுக்கும்போது ஒரே ஒரு குழாய் ரத்தம்தான் கிடைக்கும். அதன் வயசுக்கு இன்னொரு முறை மயக்கம் தாங்காது என்று விலங்கு மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் ஒரு நிபந்தனையும் போட்டார். எந்த ஸ்லைடு மருந்து போட்டது, எது போடாதது என்று தெரியாமல் அவள் நுண்ணோக்கியில் பார்த்து வாசிக்க வேண்டும். எல்லா லேபிளையும் ஒட்டுத்தாளால் மறைத்துக் கலைத்து வைப்பவர் அந்த நிலையத்தில் வேலை செய்கிறவராக இருக்கக் கூடாது.

"எங்க அத்தை இருக்காங்க. ரிட்டயர்டு நர்ஸ். வீட்டுல சும்மாதான் இருக்காங்க," என்றிருக்கிறாள் இவள். சும்மாவாம்!

"மாமியாரா?" என்று இயக்குநர் சிரித்தாராம். "அப்ப ரொம்ப நல்லது. மருமகளுக்குச் சாதகமா பேசற மாமியாரை நான் இன்னும் பாத்ததில்ல."

இதை அவள் வந்து சொன்னபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போக மாட்டேன் என்றேன். அவள் மறுபடியும் தட்டையே பார்க்க ஆரம்பித்தாள். போய்த் தொலைகிறேன் என்றேன்.

வாசிக்கிற நாளும் வந்தது. நான் வார்டுக்குப் போகிற காலத்தில் கட்டுவது போலக் கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு சிறிய அறையில் என்னை உட்கார வைத்து, ஸ்லைடுகள் அடுக்கிய பெட்டியையும் வெள்ளை ஒட்டுத்தாளையும் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு மெல்லத் திறந்தது. இயக்குநர். நெட்டையாக, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நின்றார். கையில் இன்னொரு ஸ்லைடு.

"அம்மா, இதையும் சேத்துடுங்க. இது பெண் கிப்பனோடது. பக்கத்துப் பிரிவுல பண்ணச் சொன்னேன். அதே மருந்து, அதே வெள்ளி. பெண்ணுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. மேடமுக்கும் தெரியாது, உங்க மருமகளுக்கும் தெரியாது."

"கண்ணி வெக்கறீங்களா?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு வெளியில ஒருத்தர், 'அந்தப் பொண்ணு பாக்கணும்னு ஆசைப்பட்டதைப் பாத்துடுச்சு'ன்னு சொன்னா, நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

ஆசை கண்ணை மறைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? காய்ச்சல் இறங்கியிருக்க வேண்டும் என்ற ஆசையில் வெப்பமானியைத் தப்பாகப் படித்த நல்ல செவிலிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் கேட்டது நியாயம். வாங்கி ஒட்டிக் கலைத்துவிட்டேன். ஆனால் இயக்குநர் அதோடு விடவில்லை. "கடைசி ஸ்லைடு முடிஞ்சு தாளைப் பிரிக்கற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. முகத்துலயும் எதுவும் தெரியக் கூடாது," என்றார்.

என்னிடம் போய்ச் சொல்கிறார், பேசக் கூடாதாம்!

நுண்ணோக்கி அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோர மேசையில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மேடம் பலகை அருகில் எழுதுகோலோடு நின்றார். இயக்குநர் சுவரில் சாய்ந்திருந்தார். நான் மூலையில் ஒரு முக்காலியில், கைக்குட்டையை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிவதற்காக முதல் ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டு விட்டாள், பார்த்தாள். "இல்ல." அடுத்தது. "இருக்கு." அப்படி ஒரு குரல், காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி. அடுத்ததற்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். "இந்த செல்லை எண்ண மாட்டேன் மேடம். கறுப்பு தெரியுது, ஆனா குரோமோசோம் மேல இல்ல, அதுக்கும் மேல மிதக்குது. அழுக்கு. வேற செல் பாக்கறேன்." பார்த்தாள். "இருக்கு." எனக்கு உச்சி குளிர்ந்தது. இந்த நிதானம் என் வார்டில் நாலு பேருக்கு இருந்திருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

அப்புறம் அந்த ஸ்லைடு வந்தது. எது என்று எனக்கு மட்டும் தெரியும், ஒட்டும்போது தாளின் முனை கொஞ்சம் கோணலாகப் போயிருந்தது. பார்த்தாள். நகர்த்தினாள். மறுபடியும் பார்த்தாள். எண்ணெய் இன்னொரு சொட்டு விட்டாள். "தேடறேன்," என்றாள். மேடம் எழுதுகோலைக் கை மாற்றிக்கொண்டார். நான் முக்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டேன். அடி பெண்ணே, இல்லாததைத் தேடாதே! ஏதாவது ஒரு குட்டித் துண்டைப் பார்த்து 'இதுதான் ஒய், புள்ளி இருக்கு' என்று சொல்லிவிடாதே! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். முகம் சிவந்திருந்தது.

"இது ஆணே இல்ல. எந்த செல்லுலயும் ஒய் கிடையாது. இது ஏதோ பெண்ணோட ஸ்லைடு." அப்புறம் என்னைப் பார்த்தாள். "அத்தை! எந்தப் பெட்டியிலேருந்து எடுத்தீங்க? பக்கத்துல இருந்த பெட்டியையும் தொட்டீங்களா?"

நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்! ஒண்ணை மாத்தி வெச்சிருந்தா எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கலாம். இனிமே நான் இருக்குன்னா என்ன, இல்லன்னா என்ன? அந்த மிருகத்துகிட்டேருந்து திரும்ப ரத்தம் எடுக்க முடியாது, தெரியுமா தெரியாதா? ஒரே ஒரு வேலை குடுத்தேன் அத்தை உங்களுக்கு!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என்னை யாருமே அப்படிப் பேசியதில்லை, பேச விட்டதும் இல்லை. அத்தனை பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவமானத்தில் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அவமானமா? எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு!

"மீதியையும் வாசிங்க," என்றார் இயக்குநர், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"எதுக்கு சார்? கலந்து போச்சு."

"வாசிங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். எல்லாம் போயிற்று, அந்த மேசையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் மீதியை வாசித்தாள். ஆனால் ஒரு ஸ்லைடைக்கூட அவசரமாகத் தள்ளவில்லை. அதே மாதிரி எண்ணெய் விட்டு, அதே மாதிரி தேடி, இருக்கிறதை இருக்கு என்றும் இல்லாததை இல்ல என்றும் சொன்னாள். குரல் மட்டும் உள்ளே போயிருந்தது.

கடைசி ஸ்லைடு முடிந்ததும் இயக்குநர் தாமே வந்து தாள்களைப் பிரித்தார். 'இருக்கு' என்று சொன்னதெல்லாம் மருந்து போட்டது. 'இல்ல' என்று சொன்னதெல்லாம் போடாதது. ஒன்றுகூடப் பிசகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கூட்டம்தான் அது. மூடியைக் கழற்றியதும் எழுந்திருந்தது. மேடம் பலகையைப் பார்த்தபடி வாயில் கை வைத்துக்கொண்டார். கடைசியாக அந்தக் கோணல் தாளையும் பிரித்து, லேபிளை என் மருமகளிடம் காட்டினார் இயக்குநர்.

"பெண்தான். உங்க அத்தை மேல தப்பில்ல. நான்தான் கலக்கச் சொன்னேன், பேசக் கூடாதுன்னும் சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கவுன்டர் மாற்றல் எல்லாம் விட்டுடலாம். இந்த வேலையை வெளியில அனுப்ப வேண்டியதில்ல. இதைவிட நல்லா பாக்க வெளியில ஆள் இல்ல."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அப்படியே எழுந்து என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, அத்தனை பேர் முன்னாடி உங்களைப் போய்..."

"விடு. அது எனக்குத் தேவையா இருந்துச்சு."

"எது?"

"நீ திட்டினது. அத்தை வெச்ச ஸ்லைடாச்சே, அத்தைக்குத் தலைகுனிவா ஆகிடுமேன்னு நீ பாத்திருந்தா, இல்ல உன் மேசை போயிடுமேன்னு பயந்து இருக்குன்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு உன் முகத்துல நான் முழிச்சிருக்க மாட்டேன். பெருமையா இருக்குடி எனக்கு. ரொம்பப் பெருமையா இருக்கு."

வராந்தா என்றும் பாராமல் இருவரும் அழுதோம். எங்களைக் கடந்து போன ஒருவர், குரங்குக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பதறிப்போய்க் கேட்டார். அதற்குச் சிரிக்க ஆரம்பித்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுவ வேண்டிய கண்ணாடிப் பாத்திரங்கள் கிடக்கின்றன என்று உள்ளே போய்விட்டாள்.

நான் தனியாகப் பேருந்தில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. எங்கிருந்து வருகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டார், பாவம். "என் மருமக வேலை பாக்கற இடத்துலேருந்து," என்று ஆரம்பித்தேன். ரைபோசோம் என்றால் என்ன என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் என் நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்திலும் நான் இறங்கவில்லை.